ஒகேனக்கல் அருவியும் கடைமடை வயலும்

நம் தஞ்சைத் தரணியில் அருவி இல்லை. கல்லணையிலிருந்து கடற்கரை வரையில் நிலம் ஏறத்தாழச் சமமாகவே கிடப்பதால், ஆறுகளும் வாய்க்கால்களும் மெல்ல நகர்ந்து செல்கின்றன. எவ்விடத்தும் பாறையினின்று குதிப்பதில்லை. ஆகவே, அருவி காண விரும்பும் நம் மக்கள் குற்றாலத்திற்கும் கொல்லிமலைக்கும் குழுவாகப் புறப்பட்டுச் செல்வது வழக்கம். அவ்விடங்களின் அழகு யாவரும் அறிந்ததே. ஆயினும், காவிரி பாயும் நிலத்தில் நெற்பயிர் செய்யும் உழவர் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் காண வேண்டிய அருவி ஒன்று உண்டு. அதுவே தருமபுரி மாவட்டத்திலுள்ள ஒகேனக்கல். நம் வயலுக்கு வந்து சேரும் நீர், அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அவ்விடத்தில்தான் பாறைகளின்மீது விழுந்து வருகிறது. கண்ணுக்கு விருந்தாக அமையும் அப்பயணத்தை உழவுக்குப் பயன்படும் கல்வியாகவும் ஆக்கிக்கொள்வது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

இடமும் பெயரும்

குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றும் காவிரி, கருநாடக மாநிலத்தில் சிவசமுத்திரம் என்னுமிடத்தில் ககனசுக்கி, பரசுக்கி என்னும் இரு பெரும் அருவிகளாக விழுகிறது. அங்கு 1902ஆம் ஆண்டிலேயே நீரின் விசையால் மின்சாரம் எடுக்கப்பட்டு, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் ஆறு காடுகளுக்கும் மலையிடுக்குகளுக்கும் நடுவே ஓடிவந்து, பிலிகுண்டுலு என்னும் இடத்தருகே தமிழ்நாட்டு எல்லையை அடைகிறது. அதற்குச் சற்றுக் கீழே அமைந்திருப்பது ஒகேனக்கல். சின்னாறு என்னும் சிற்றாறும் இங்கேதான் காவிரியுடன் கலக்கிறது.

கன்னட மொழியில் ‘ஒகே’ என்றால் புகை. ‘கல்’ என்றால் பாறை. விழும் நீர் தூளாகிப் புகைபோல் மேலெழுவதால் ‘புகையும் பாறை’ என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் உள்ளது. தஞ்சையிலிருந்து செல்வோர் திருச்சி, நாமக்கல், சேலம் வழியாகத் தருமபுரியை அடைந்து அங்கிருந்து செல்லலாம். திரும்பும்போது மேட்டூர், முக்கொம்பு, கல்லணை ஆகிய மூன்றையும் கண்டுவருமாறு வழியை வகுத்துக்கொண்டால், ஆற்றுடன் கூடவே ஊர் வந்து சேர்ந்ததாக அமையும்.

அங்குக் காணத்தக்கவை

ஒகேனக்கல்லில் காவிரி ஒரே அருவியாக விழுவதில்லை. அகன்று கிடக்கும் பாறைப் பரப்பில் பல கிளைகளாகப் பிரிந்து, ஐந்தருவி, பெரிய அருவி, சினி அருவி எனப் பல பெயர்களுடன் வெவ்வேறு உயரங்களில் விழுகிறது. அருவிகளைத் தாண்டியபின் அவ்வளவு நீரும் ஒடுங்கிய கற்பள்ளத்தாக்கில் ஒன்றுசேர்ந்து, இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நிற்க, ஆழமும் இருளும் பொருந்திய ஆறாகச் செல்கிறது. தஞ்சையில் அகன்ற படுகையில் முழங்காலளவு நீராகக் காவிரியைக் கண்டு பழகியவர்களுக்கு இக்காட்சி பெருவியப்பை அளிக்கும்.

இப்பள்ளத்தாக்கைச் சுற்றிக் காட்டுவது பரிசல். மூங்கிலால் வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலாலும் இக்காலத்தில் நெகிழித் தாளும் தாருங்கொண்டும் பொதியப்படும் இவ்வோடத்தை ஒற்றைத் துடுப்பால் செலுத்துகின்றனர். சுழலையும் பாறையையும் அறிந்து பரிசல் ஓட்டுவது தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவோரும், ஆற்று மீனை வாங்கிச் சமைத்துத் தருவோரும் இங்குப் பலர் உள்ளனர். அருவியில் நீர் விழுவதும் நிற்பதும் நம் வயலைப் போலவே இவர்களுடைய அடுப்பையும் பாதிக்கின்றன. வெள்ளம் மிகுந்தால் பரிசலுக்குத் தடை. நீர் வற்றினால் வருவோர் இல்லை. தொங்கு பாலமும் முதலைகள் மறுவாழ்வு மையமும் பிள்ளைகளுக்கு மகிழ்வூட்டும்.

ஆடிப்பதினெட்டன்று ஒகேனக்கல்லில் பெருங்கூட்டம் கூடிப் புனித நீராடுகிறது. அதே நாளில் திருவையாற்றிலும் குடந்தையிலும் நம் பெண்கள் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துக் காவிரியன்னையை வணங்குகின்றனர். ஆற்றின் இரு கோடியிலும் ஒரே நாளில் ஒரே வழிபாடு நடைபெறுவது, இந்நீரால் வாழும் மக்களின் உறவு எவ்வளவு பழைமையானது என்பதைப் புலப்படுத்தும்.

அருவியை அளந்து காணுதல்

இனி, உழவர்கள் கருத்தூன்றிக் காண வேண்டிய செய்திக்கு வருவோம். ‘ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’ என்று நாளிதழ்களிலும் வானொலியிலும் ஆடி ஆவணி மாதங்களில் நாள்தோறும் செய்தி வருகிறது. நம்மில் பலர் அதைப் படிக்கிறோம். ஆனால் நம் வயலுக்கு அதன் பொருள் என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்பவர் சிலரே. கணக்கோ மிக எளியது.

விநாடிக்கு ஒரு கன அடி நீர் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கன அடி சேரும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. எனவே, அந்நீர் ஏறத்தாழ இரண்டு ஏக்கரில், அதாவது நம் கணக்கில் ஆறு மா நிலத்தில், ஓரடி உயரம் நிற்கும். இவ்வொன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அருவியில் 10,000 கன அடி விழுகிறது என்றால், ஒரு நாள் நீர் ஏறத்தாழ 20,000 ஏக்கரில் ஓரடி நிற்கும் என்று உடனே சொல்லிவிடலாம்.

அடுத்து, டி.எம்.சி. என்னும் அளவு. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அது ஏறத்தாழ 23,000 ஏக்கரில், அதாவது சுமார் 3,400 வேலி நிலத்தில், ஓரடி உயரம் நிற்கக்கூடிய நீராகும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும்.

இக்கணக்குடன் அருவியின்முன் நின்று பார்ப்பவர்க்கு அதன் தோற்றமே மாறிவிடும். பாறைகள் பெரும்பாலும் வெளியே தெரிய, வெண்ணிறக் கயிறுகள்போல் நீர் இறங்குமாயின் வரத்து குறைவு; பாறைகள் மறைந்து, ஐந்தருவி இருக்குமிடமே தெரியாமல் செந்நிற நீர் புரளுமாயின் வெள்ளம். அன்றைய அளவு என்னவென்று கேட்டறிந்து குறித்துக்கொண்டால், பின்னாளில் ஊரில் இருந்தபடியே அச்செய்தியைக் கேட்கும்போது அருவி எந்நிலையில் இருக்கிறது என்பது மனக்கண்ணில் தோன்றும்.

எல்லையில் ஓர் அளவுகோல்

ஒகேனக்கல்லுக்கு மேலேயுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. இரு மாநிலங்களுக்கும் இடையே காவிரி நீர் எவ்வளவு வந்தது என்பதற்கு அவ்விடத்துக் கணக்கே ஆதாரம். 1990ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம், 2007 பிப்ரவரி 5 அன்று அளித்த இறுதித் தீர்ப்பில் இவ்விடத்தில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. வந்து சேர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் அதனை 177.25 டி.எம்.சி. என வகுத்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பெற்றது.

இவ்வாண்டளவு மாதந்தோறும் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதந்தோறும் 2.5 டி.எம்.சி. வரவேண்டும். ஆண்டு மொத்தத்தோடு நில்லாமல் மாதக்கணக்கும் வகுக்கப்பட்டதன் காரணத்தை உழவருக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலுக்கு வேண்டிய நீர் அறுவடையின்போது வந்தால் பயனில்லை.

இதனை இரண்டு ஆண்டுகளின் நிகழ்ச்சிகளால் தெளிவாக உணரலாம். 2018 ஆகஸ்டில் குடகிலும் வயநாட்டிலும் பெய்த பெருமழையால் ஒகேனக்கல்லில் வெள்ளம் விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கன அடி அளவுக்கு உயர்ந்தது. அவ்வளவு நீர் ஒரு நாள் ஓடினால் 17 டி.எம்.சி.க்கு மேல் ஆகும். அது ஆண்டுப் பங்கில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. மேட்டூர் முன்பே நிரம்பியிருந்தமையால் அதனைத் தேக்கி வைக்க இடமில்லை. பெரும்பகுதி கொள்ளிடம் வழியே கடலுக்குச் சென்றது. அக்காலத்திலும் கடைமடைப் பகுதிகள் சிலவற்றில் வாய்க்காலில் நீர் ஏறவில்லை என்னும் முறையீடு எழுந்தது. மாறாக, 2023இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டும், பருவமழை பொய்த்து எல்லையில் வரத்துக் குறைந்தமையால் குறுவை பல இடங்களில் வாடியது. அக்டோபர் 10 அன்று பாசனத்திற்கான நீர் நிறுத்தப்பட்டது. ஆகவே, அருவி பொங்கும் ஆண்டெல்லாம் கடைமடைக்கு நல்ல ஆண்டு என்று கொள்வதற்கில்லை. உரிய காலத்தில் வருதலும், வந்ததைத் தேக்குதலும், தேக்கியதைக் கொண்டு சேர்த்தலும் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

அருவி நீரைப் பங்கிடுவது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கும் கனடாவிற்கும் எல்லையாயுள்ள நயாகரா அருவியில், மின்சாரத்திற்கு எவ்வளவு எடுக்கலாம், அருவியாக விழுவதற்கு எவ்வளவு விட வேண்டும் என்று 1950ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. பயணிகள் மிகுதியாக வரும் மாதங்களில் பகற்பொழுதில் விநாடிக்கு 1 இலட்சம் கன அடிக்குக் குறையாமல் விழ வேண்டும் என்பது அதன் விதி. உலகப் புகழ்பெற்ற அக்காட்சியும் அளந்து விடப்படும் நீரே.

மேட்டூரில் ஒரு நாள்

ஒகேனக்கல்லுக்குக் கீழே மேட்டூர் நீர்த்தேக்கம் விரிகிறது. 1925இல் பணி தொடங்கி 1934இல் முடிக்கப்பட்ட இவ்வணையில் 120 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கலாம். அதன் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நாம் கற்ற கணக்கை இங்கும் போட்டுப் பார்க்கலாம். நிரம்பிய அணையிலிருந்து விநாடிக்கு 18,000 கன அடி வீதம் திறந்து, மேலிருந்து புதுவரத்து ஏதும் இல்லையாயின், சுமார் 60 நாட்களில் அணை முழுவதும் காலியாகிவிடும். குறுவைப் பயிர் ஒன்றுக்கே நூறு நாளுக்கு மேல் வேண்டும். அதன்பின் சம்பாவும் தாளடியும் உள்ளன. ஆதலால், அணை நிரம்பியது என்னும் மகிழ்ச்சியோடு நில்லாமல், ஒகேனக்கல்லில் வரத்து தொடர்கிறதா என்பதையும் கவனித்து வருதல் வேண்டும்.

மேட்டூரில் நாம் நினைவுகூர வேண்டிய மற்றொன்றும் உண்டு. இவ்வணை எழுந்தபோது இப்பள்ளத்தாக்கிலிருந்த பல ஊர்கள் நீரில் மூழ்கின. மக்கள் தம் வீட்டையும் நிலத்தையும் விட்டு வேறிடம் சென்றனர். நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில், பண்ணவாடியருகே பழைய கோயிலின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரிகின்றன. காண வருவோர் அதனை வேடிக்கையாகக் கருதிப் படம் எடுத்துக்கொள்வர். டெல்டா உழவர்களுக்கோ, தம் வயல் விளைவதற்காக வேறோர் ஊரார் தம் வயலை இழந்தனர் என்பதன் சாட்சி அது. அவ்விலை கொடுத்துத் தேக்கிய நீரில் ஒரு துளியையும் வீணாக்க நமக்கு உரிமையில்லை.

ஒகேனக்கல் நீரில் அம்மாவட்ட மக்களுக்கும் பங்கு உண்டு. நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, பற்களும் எலும்புகளும் கேடுற்று வருந்திய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர்க்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆற்றின் ஓரத்திலேயே வாழ்ந்தும் பல தலைமுறையாக அவ்வாற்று நீரைப் பருகாதிருந்தவர்கள் அவர்கள்.

அணையிலிருந்து மடை வரை

ஜூன் 12 என்பது மேட்டூர் திறக்கப்படும் மரபு நாள். நீர்வரத்தைப் பொறுத்து அது மாறுவதும் உண்டு. 2022இல் மே 24 அன்றே திறக்கப்பட்டது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. திறந்த நீர் மூன்று நான்கு நாட்களில் கல்லணையை அடையும். வழியில் பவானியும் நொய்யலும் அமராவதியும் கலக்கின்றன. முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கிய மேலணையில் கொள்ளிடம் பிரிகிறது. 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தின்போது அங்குக் கொள்ளிடம் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. பின்னர் அங்குப் புதிய கதவணை எழுப்பப்பட்டது. பயணத்தில் அவ்விடத்தையும் காண வேண்டும். எவ்வளவு பழைமையும் புகழும் வாய்ந்த கட்டடமாயினும், இடையறாத பராமரிப்பு இன்றி நிலைக்காது என்பதற்கு அது பாடமாகும். கரிகாலன் பெயர் விளங்கும் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகிய மூன்றிலும் நீர் பிரித்து விடப்படுகிறது. மிகுதியான நீர் கொள்ளிடத்தில் சேர்கிறது.

கல்லணைக்குப்பின் ஆறுகள் கிளைத்து, வாய்க்கால்களாகவும் கன்னி வாய்க்கால்களாகவும் பிரிந்து, கடைமடை வரை செல்கின்றன. இங்கேதான் ஊராட்சியின் பொறுப்பு தொடங்குகிறது. எல்லையில் வரும் நீரை ஆணையம் கணக்கிடும். அணையை நீர்வளத்துறை திறக்கும். ஆற்று மதகை லஸ்கர் ஏற்றி இறக்குவார். ஆனால் ஊருக்குள் செல்லும் வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால், ஒகேனக்கல்லில் எவ்வளவு நீர் விழுந்தும் நம் ஊர்க் கடைசி வயலுக்கு அது எட்டாது. ஊரார் ஒன்றுகூடி வாய்க்கால் வெட்டிக் கரை கட்டிய குடிமராமத்து முறை நம் முன்னோர் வகுத்ததே. அரசாங்கம் கோடையில் தூர்வாரும் பணியை மேற்கொள்ளும்போது, எவ்வாய்க்கால் விடுபட்டது, எங்கே கரை சரிந்தது, எந்த வடிகாலில் குப்பை அடைத்தது என்பதை அறிந்து உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டியவர்கள் ஊராட்சி உறுப்பினர்களே.

பயணம் புறப்படுவோர்க்குச் சில குறிப்புகள்

ஒன்று: காலத்தை அறிந்து செல்க. ஆடி, ஆவணியில் பெருக்கைக் காணலாம். ஆனால் வெள்ளம் மிகுந்தால் மாவட்ட நிருவாகம் அருவியில் குளிக்கவும் பரிசலில் செல்லவும் தடை விதிக்கும். சம்பா அறுவடை முடிந்து மாசியில் செல்வோர் அடங்கிய ஆற்றையும் பாறைகளின் வடிவையும் நன்கு காண்பர். புறப்படுமுன் அன்றைய நிலையைக் கேட்டறிவது நலம்.

இரண்டு: தடையை மதித்தல் வேண்டும். ஒகேனக்கல்லில் மழை சிறிதும் இல்லாத நாளிலும், மேலேயுள்ள அணைகளில் திறந்த நீரால் ஆறு விரைவில் உயரக்கூடும். வாய்க்காலில் நீந்திப் பழகிய துணிவு சுழலும் கற்குழியும் நிறைந்த இவ்விடத்தில் பயன்படாது. அனுமதி பெற்ற ஓட்டியின் பரிசலிலேயே ஏற வேண்டும். உயிர்காக்கும் உடுப்பை அணியாமல் யாரும் ஏறக்கூடாது. பரிசலில் எழுந்து நிற்றலும் ஒரே பக்கமாகச் சாய்தலும் ஆபத்தை விளைவிக்கும்.

மூன்று: எண்ணெய்க் குளியல் முடித்தவர்கள் சீயக்காய், சோப்பு ஆகியவற்றின் உறைகளையும் பழந்துணிகளையும் ஆற்றில் விடலாகாது. அங்கே நாம் விடும் அழுக்கு நம் ஊருக்கே இறங்கி வரும் என்பது வேறு எவ்வூர்ப் பயணியைக் காட்டிலும் நமக்கு நன்கு விளங்க வேண்டும்.

நான்கு: ஒகேனக்கல் கூத்தப்பாடி ஊராட்சியைச் சேர்ந்தது. இத்தனை மக்கள் வந்து போகும் இடத்தில் குடிநீர், கழிப்பிடம், குப்பை அகற்றல் முதலியன எவ்வாறு நடைபெறுகின்றன, எங்கே குறை இருக்கிறது என்பதை உறுப்பினர்கள் கூர்ந்து காண்க. கோயிலாலும் கடற்கரையாலும் பயணிகள் திரளும் ஊர்கள் நம் பகுதியிலும் பல உள்ளன.

ஐந்து: வேளாண்மைத் துறையினர் உழவர்களுக்காக நடத்தும் கண்டுணர்வுச் சுற்றுலாக்களில் இவ்வழித்தடத்தைச் சேர்க்குமாறு கேட்கலாம். பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. வயலில் நாற்று நடுவோர் பெரும்பாலும் பெண்களே. அந்நீர் வரும் வழியை அவர்களும் காண வேண்டும்.

பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் கிராம சபையில் கண்டவற்றை எடுத்துரைக்கலாம். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு கரும்பலகை வைத்து, பிலிகுண்டுலு வரத்து, மேட்டூர் நீர்மட்டம், கல்லணையில் திறப்பு, நம் வாய்க்காலின் தலைமதகில் நீரின் உயரம், கடைசி மடையில் அதன் உயரம் ஆகிய ஐந்தையும் பாசனக் காலத்தில் நாள்தோறும் எழுதி வரலாம். முதல் மூன்றும் செய்தித்தாளில் கிடைக்கும். பின்னிரண்டையும் நம் ஊரார் அளந்து எழுத வேண்டும். தலைமதகில் நீர் இருந்தும் கடைசி மடையில் இல்லையென்று பலகை காட்டுமானால், குறை நம் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கிறது என்பது எல்லோர்க்கும் விளங்கும். அதனைத் தீர்க்கும் வழியும் ஊராரிடமே பிறக்கும். ஒகேனக்கல் சென்று வந்த ஊர்கள் அப்பலகையை வரும் பாசனக் காலத்திலேயே தொடங்குமாக.